எத்தனை வழி? பெருக்கல் கொள்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளும், டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்களும், சில சமயம் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் நம் கடற்கரையிலிருந்து எடுத்தவை. காசு சுண்டுவதும் பகடை உருட்டுவதும் இங்கே வராது. அவை பாடப்புத்தகத்தில் வேண்டிய அளவு இருக்கின்றன.

பெருக்கல் கொள்கை என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு வேலையை இரண்டு படிகளாகச் செய்கிறோம். முதல் படிக்கு இத்தனை வழி. அதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டாம் படிக்கு இத்தனை வழி. அப்படியென்றால் முழு வேலைக்கும் எத்தனை வழி என்பது அந்த இரண்டு எண்களையும் பெருக்கினால் வந்துவிடும். மூன்று படி, பத்துப் படி என்றாலும் இதே கதைதான்.

உச்சிப்புளிப் பக்கம் சாலையோரத்தில் ஒரு மெஸ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு விளைமீன், பாறை, நகரை, கணவாய் நான்கும் வந்திருக்கின்றன. எதைக் கேட்டாலும் குழம்பு, வறுவல், தொக்கு என்று மூன்று விதமாகக் கிடைக்கும். ஒரு மீன், ஒரு பக்குவம் என்று கேட்டால் 4 × 3 = 12 விதம். சோறா, பரோட்டாவா என்பதும் சேர்ந்தால் 12 × 2 = 24.

இந்த வரையறையில் எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போய்விடும் இடம் 'எதைத் தேர்ந்தெடுத்தாலும்' என்பது. கணக்கு தப்புவது பெரும்பாலும் அங்கேதான். கீழே பல விடைகளில் அதற்கே திரும்ப வருவேன்.

ஏன் பெருக்க வேண்டும்? 4 மீன், 3 பக்குவம், கூட்டினால் 7 தானே?

7 என்பது மெஸ் வாசலில் உள்ள பலகையில் எழுதியிருக்கும் பெயர்களின் எண்ணிக்கை. 12 என்பது உங்கள் இலைக்கு வந்து சேரக்கூடியவற்றின் எண்ணிக்கை. விளைமீனோடு 3, பாறையோடு 3, நகரையோடு 3, கணவாயோடு 3. ஆக 3 + 3 + 3 + 3. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டுவதைத்தான் சுருக்கமாகப் பெருக்கல் என்கிறோம். அந்த எண் ஒவ்வொரு வரியிலும் ஒன்றாக இல்லையென்றால் பெருக்கவே முடியாது, உட்கார்ந்து கூட்டத்தான் வேண்டும்.

அப்படி ஒன்றாக இல்லாத கணக்கு உண்மையில் வருமா?

நிறைய வரும். அதே மெஸ்ஸில் சுறாவும் வந்துவிட்டது. சுறாவைப் புட்டாகவோ குழம்பாகவோதான் தருவார்கள், வறுவலும் தொக்கும் இல்லை என்கிறார் கடைக்காரர். இப்போது மீன் ஐந்து, பக்குவம் மூன்று, எனவே 15 என்று எழுதினால் தப்பு. பழைய நான்கு மீனுக்கு 12, சுறாவுக்கு 2, மொத்தம் 14.

ஒரு நுணுக்கம். சுறாவுக்குப் புட்டு, குழம்பு, ஊறுகாய் என்று மூன்று இருந்திருந்தால் 5 × 3 = 15 சரியாகவே இருந்திருக்கும். மற்ற மீன்களுக்கு உள்ள அதே மூன்று பக்குவங்கள் சுறாவுக்கும் இருக்க வேண்டியதில்லை. பெயர்ப்பட்டியல் மாறலாம், எண்ணிக்கை மாறக்கூடாது, அவ்வளவுதான். இதைக் கவனிக்காமல், பட்டியல் மாறுகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெருக்கவே பயப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இன்னொரு உதாரணம். ஏடிஎம் ரகசிய எண்ணாகப் பிறந்த தேதியையும் மாதத்தையும் வைப்பவர்கள் ஏராளம். ஜூலை 15 என்றால் 1507. இப்படி எத்தனை எண்கள் இருக்க முடியும்? 'மாதம் 12, தேதி 31, 12 × 31 = 372' என்று கை தானாக எழுதிவிடும். ஆனால் பிப்ரவரி 31 என்று ஒரு நாள் கிடையாது. 31 நாள் உள்ள மாதங்கள் ஏழு, அதில் 217. 30 நாள் உள்ளவை நான்கு, அதில் 120. பிப்ரவரிக்கு லீப் வருடத்தையும் சேர்த்து 29. மொத்தம் 366. பெருக்கல் ஆறு நாட்களைக் கூடுதலாக உண்டாக்கிவிட்டது.

நாலு இலக்க எண் மொத்தம் 10,000 இருக்கின்றன. பிறந்தநாளை வைத்தீர்களென்றால் திருடன் யோசிக்க வேண்டியது 366-தான். உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்தால் அதுவும் வேண்டாம், ஒன்றே போதும்.

'மற்றும்' வந்தால் பெருக்கு, 'அல்லது' வந்தால் கூட்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது போதாதா?

பாதித் தூரம் கொண்டுபோய் விடும். மீதித் தூரத்தில் காலை வாரும்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் 21 தீவுகள். மண்டபம் குழுவில் 7, கீழக்கரைக் குழுவில் 7, வேம்பார் குழுவில் 3, தூத்துக்குடிக் குழுவில் 4. இப்போது இரண்டு கேள்விகள்:

'மண்டபம், கீழக்கரை, வேம்பார் மற்றும் தூத்துக்குடிக் குழுக்களில் உள்ள தீவுகளில் ஒன்றை ஆய்வுக்குத் தேர்வு செய்ய எத்தனை வழி?' இதற்கு விடை 7 + 7 + 3 + 4 = 21.

'மண்டபம், கீழக்கரை, வேம்பார் மற்றும் தூத்துக்குடிக் குழுக்கள் ஒவ்வொன்றிலும் ஒரு தீவைத் தேர்வு செய்ய எத்தனை வழி?' இதற்கு 7 × 7 × 3 × 4 = 588.

இரண்டிலும் 'மற்றும்' இருக்கிறது. ஒன்றில் கூட்டினோம், இன்னொன்றில் பெருக்கினோம். எனவே சொல்லைத் தேடாதீர்கள். ஒரு தீவைத் தேர்ந்தெடுத்ததும் வேலை முடிந்துவிட்டதா, இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்துவிட்டது என்றால் கூட்டல். மிச்சம் இருந்தால் பெருக்கல்.

இந்த 21-இல் கீழக்கரைக் குழுவின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிக் குழுவின் விலங்குசல்லியும் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. அவற்றை நீக்கினால் கூட்டல் விடை 21-லிருந்து 19 ஆகிறது, இரண்டுதான் குறைவு. பெருக்கல் விடையோ 7 × 6 × 3 × 3 = 378. அதாவது 210 குறைந்துவிட்டது. ஒரு படியில் ஒன்று குறைந்தாலும் அதன் பாதிப்பு மற்ற எல்லாப் படிகளோடும் பெருகி வரும். சரி, இதைப் படித்துவிட்டு வத்தையை (சிறு படகை) எடுத்துக்கொண்டு தீவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக்கூடாது.

பயணக் கணக்குகளில் 'போன வழியே திரும்பக்கூடாது' என்று வந்தால் குழப்பமாக இருக்கிறது.

குழப்பம் உங்களிடம் இல்லை, கேள்வியில்தான். அந்த வாக்கியத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பஸ் அல்லது ரயில். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் பஸ், ஆட்டோ, வேன் என்று மூன்று எடுத்துக்கொள்வோம். போக 2 × 3 = 6 வழி. கட்டுப்பாடு ஏதும் இல்லையென்றால் போய்வர 6 × 6 = 36.

'போன மாதிரியே அப்படியே திரும்பக்கூடாது' என்று எடுத்துக்கொண்டால், திரும்பும்போது அந்த ஆறில் ஒன்றை மட்டும் நீக்க வேண்டும். 6 × 5 = 30. பஸ்ஸில் போய் வேனில் தனுஷ்கோடி சேர்ந்தவர், திரும்பும்போது ஆட்டோவில் ராமேஸ்வரம் வந்து அதே பஸ்ஸைப் பிடிக்கலாம். முழு வழி வேறாகிவிட்டதே.

'எந்தக் கட்டத்திலும் போன வாகனத்தில் திரும்பக்கூடாது' என்று எடுத்துக்கொண்டால் திரும்பும்போது தனுஷ்கோடியிலிருந்து 2, ராமேஸ்வரத்திலிருந்து 1. ஆக 6 × 2 × 1 = 12.

36, 30, 12. மூன்றும் சரியான விடைகள், மூன்று வேறு கேள்விகளுக்கு. பரீட்சையில் இப்படி வந்தால் நீங்கள் எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

வழிகள் கூடினால் வசதி கூடியது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. அதற்குப் பாம்பனே சாட்சி. 1914-இல் ரயில் பாலம் வந்தது. 1988-இல் சாலைப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் தீவுக்குத் தரைவழியாக வர ரயில் ஒன்றுதான், ஒரே வழி. அப்புறம் இரண்டு. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய தூக்குப் பாலம் திறக்கும்வரை ரயில்கள் மண்டபத்தோடு நின்றன.

அந்த இடைக்காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு எத்தனை வழி? நேராகப் பஸ் ஒன்று. இல்லையென்றால் மண்டபம்வரை ரயில், அங்கிருந்து பஸ் அல்லது ஆட்டோ, 1 × 2 = 2. மொத்தம் 1 + 2 = 3. பாலம் வேலை செய்தபோது 2 வழி, நின்றபோது 3 வழி! பெட்டி படுக்கையோடு மண்டபம் ஸ்டேஷனில் இறங்கி நின்றவர்களிடம் போய் 'உங்களுக்கு ஒரு வழி கூடியிருக்கிறது' என்று சொல்லிப்பாருங்கள். எண்ணிக்கை வேறு, சௌகரியம் வேறு.

கணக்காகப் பார்த்தால் இது நல்ல உதாரணம். கூட்டலும் பெருக்கலும் ஒரே கேள்விக்குள் வருகின்றன. தேர்வில் வரும் கொஞ்சம் கடினமான கணக்குகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்.

எந்தப் படியை முதலில் எடுப்பது? இடமிருந்து வலமாகத்தான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. கட்டுப்பாடு உள்ள இடத்தை முதலில் முடித்துவிடுங்கள்.

'பாம்பன்' என்ற சொல்லில் பா, ம், ப, ன் என்று நான்கு எழுத்துகள். இவற்றை எத்தனை விதமாக மாற்றி எழுதலாம்? பொருள் இருக்க வேண்டியதில்லை, ஆனால் மெய்யெழுத்து முதலில் வரக்கூடாது. கடைசி இடத்திலிருந்து ஆரம்பித்தால் சிக்கிக்கொள்வீர்கள். கடைசியில் 'ப' போட்டுவிட்டால் முதலிடத்துக்கு 'பா' மட்டும்தான் மிஞ்சும். 'ம்' போட்டால் இரண்டு மிஞ்சும். எண்ணிக்கை மாறுகிறது, பெருக்க முடியாது. முதலிடத்தை முதலில் நிரப்புங்கள். அங்கே பா, ப என்று 2 வழி. மீதி மூன்று இடங்களுக்கு 3, 2, 1. ஆக 2 × 3 × 2 × 1 = 12.

சில கணக்குகளில் கட்டுப்பாடு இரண்டு இடத்தில் இருக்கும். இலக்கங்கள் திரும்ப வராத மூன்று இலக்க இரட்டை எண்கள் எத்தனை? முதலில் 0 வரக்கூடாது, கடைசியில் 0, 2, 4, 6, 8-இல் ஒன்று வர வேண்டும். இரண்டு கட்டுப்பாட்டிலும் மாட்டிக்கொண்டிருப்பது 0. எனவே அதை வைத்துப் பிரித்துவிடுங்கள். கடைசியில் 0 என்றால் முதலிடத்துக்கு 9, நடுவில் 8, ஆக 72. கடைசியில் 2, 4, 6, 8 என்றால் அதற்கு 4 வழி, முதலிடத்தில் 0-வும் அந்த இலக்கமும் போக 8, நடுவில் மிச்சம் 8, ஆக 4 × 8 × 8 = 256. கூட்டினால் 328.

வண்டி எண், செல்பேசி எண், பின்கோடு இதெல்லாம் தீர்ந்துபோகாதா?

பின்கோடு: 623 என்று தொடங்கினால் மீதி மூன்று இடம், 10 × 10 × 10 = 1,000. ஊர்களுக்குப் போதும்.

செல்பேசி: பத்து இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9-இல் ஒன்று. 4-ஐப் பத்தால் ஒன்பது தடவை பெருக்கினால் 400 கோடி.

வண்டி: நம் மாவட்டத்தின் டிஎன் 65-க்குப் பின் இரண்டு ஆங்கில எழுத்து, அப்புறம் 0001 முதல் 9999 வரை. ஐ, ஓ இரண்டும் 1, 0 போலத் தெரிவதால் அவற்றை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் 24 × 24 × 9,999 = 57,59,424. அரசு வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் தனி எழுத்துகள் ஒதுக்கியிருப்பதால் நாம் வாங்கும் பைக்குக்குக் கிடைப்பது இதைவிடக் குறைவு. ஆனாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

வரிசை மாற்றம், சேர்வு இரண்டுக்கும் பெருக்கல் கொள்கைக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் இதன் பிள்ளைகள். எந்த வரிசையில் என்பது முக்கியமென்றால் வரிசை மாற்றம், எவை எவை என்பது மட்டும் முக்கியமென்றால் சேர்வு. பெருக்கல் கொள்கை புரிந்தவருக்குச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யும் வேலை பாதி குறையும்.

ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். எல்லாவற்றிலும் ஒரு தடவை நீராட வேண்டும், எந்த வரிசையிலும் போகலாம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், முதல் தீர்த்தத்துக்கு 22 வழி, அடுத்ததற்கு 21, அதற்கடுத்து 20, இப்படியே 1 வரை. இதைப் புத்தகத்தில் காரணீயப் பெருக்கம் என்பார்கள். பெருக்கிப் பார்த்தால் ஒரு கோடி கோடி கோடிக்கும் மேல் வருகிறது. உண்மையில் மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடிப்பது என்று ஒரு முறை இருக்கிறது. வாளியோடு நிற்பவர் எங்கே போகச் சொல்கிறாரோ அங்கே போகிறோம். ஆக வழி ஒன்றே ஒன்று.

சேர்வுக்கு ஒரு விசைப்படகை எடுத்துக்கொள்வோம். படகில் ஆறு பேர். ஒருவர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், ஒருவர் இன்ஜினைப் பார்க்க வேண்டும், இரண்டு வேலையும் எல்லோருக்கும் தெரியும் என்றால் 6 × 5 = 30 வழி. அதற்குப் பதில், ஆறு பேரில் இரண்டு பேர் மீனைத் தரம் பிரிக்க உட்கார வேண்டும் என்றால்? அப்போதும் முதல் ஆளுக்கு 6, இரண்டாம் ஆளுக்கு 5 என்று 30 வரும். ஆனால் இங்கே முதல் ஆள், இரண்டாம் ஆள் என்ற வேறுபாடு கிடையாது. அண்ணனும் தம்பியும் உட்கார்ந்தால் என்ன, தம்பியும் அண்ணனும் உட்கார்ந்தால் என்ன, ஒரே ஜோடிதான். ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு தடவை எண்ணிவிட்டோம், இரண்டால் வகுத்தால் 15.

பெருக்கிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி இது: கடைசியில் கிடைக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரே ஒரு தடவை எண்ணப்பட்டதா? எல்லாம் சமமாக இரண்டு தடவை, ஆறு தடவை என்று எண்ணப்பட்டிருந்தால் அதால் வகுக்கலாம். சமமாக இல்லையென்றால் வகுக்கவும் முடியாது, வகை பிரித்துத்தான் எண்ண வேண்டும்.

மாலை கோர்ப்பது போன்ற வட்டக் கணக்குகளில் எதால் வகுப்பது?

ராமேஸ்வரம் சன்னதித் தெருக் கடைகளில் சோழி மாலை பார்த்திருப்பீர்கள். சாயல் வேறு வேறாக உள்ள ஐந்து சோழிகளை ஒரு நூலில் கோர்க்கிறோம். நேராக வரிசையாக வைத்தால் 5 × 4 × 3 × 2 × 1 = 120. நூலைக் கட்டி வளையமாக்கி, முடிச்சையும் சோழிக்குள் மறைத்துவிட்டால், தொடக்கம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. வளையத்தை ஒவ்வொரு சோழியாக நகர்த்தினால் ஐந்து நேர்வரிசைகள் ஒரே மாலையாகிவிடுகின்றன. 120-ஐ 5-ஆல் வகுத்தால் 24.

பாடப்புத்தகம் இதற்கு மேல் ஒரு அடி போகும்: மாலையைத் திருப்பிப் போட்டாலும் அதே மாலைதான், எனவே இன்னும் இரண்டால் வகுத்து 12. உருண்டை மணிக்கு இது சரி. மணிக்கு முன்புறம் பின்புறம் கிடையாது. சோழிக்கு? கையில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழவென்று மேடாக இருக்கும். மறுபக்கம் பல் வைத்த கீறல். எல்லாச் சோழியும் மேடு தெரியும்படி கோர்த்த மாலையைத் திருப்பிப் போட்டால் கீறல் பக்கம் வெளியே வந்துவிடும். அது வேறு மாலை. ஆகவே சோழி மாலைக்கு விடை 24, மணி மாலைக்கு 12. கேள்வித்தாளில் 'மாலை' என்று மட்டும் இருந்தால் மணி மாலை என்றே எடுத்துக்கொண்டு 12 எழுதிவிடுங்கள், மதிப்பெண் முக்கியம். ஆனால் ஏன் இரண்டால் வகுத்தோம் என்பது சோழியைப் பார்த்தால்தான் உறைக்கும்.

'குறைந்தது ஒன்று' என்று வரும் கணக்குகளை எப்படி அணுகுவது?

எதிர்ப்பக்கத்தை எண்ணிக் கழியுங்கள். ராமேஸ்வரம் வரும் விருந்தாளிக்குக் காட்ட ஆறு இடங்கள்: அரிச்சல்முனை, கோதண்டராமர் கோயில், ராமர் பாதம், பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், பாம்பன் பாலம், அரியமான் கடற்கரை. குறைந்தது ஒன்றையாவது பார்க்க வேண்டும், எதை எதைப் பார்ப்பது என்று எத்தனை விதமாக முடிவு செய்யலாம்? ஒவ்வொரு இடத்துக்கும் 'போகலாம்', 'வேண்டாம்' என்று இரண்டே வழி. 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 64. எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்று சொல்லிப் படுத்துக்கொள்வது ஒன்று, அதைக் கழித்தால் 63.

இந்த 63 பழைய எண். அறுசுவைகளைத் தனியாகவும் கலந்தும் எடுத்தால் 63 வகை என்று சுசுருத சம்ஹிதையில் எண்ணியிருக்கிறார்கள்.

ரகசிய எண்ணிலும் இதே உத்திதான். நாலு இலக்கத்தில் ஏதாவது ஒரு இலக்கமாவது திரும்ப வருபவை எத்தனை? மொத்தம் 10,000. எதுவும் திரும்ப வராதவை 10 × 9 × 8 × 7 = 5,040. மீதி 4,960. கிட்டத்தட்டப் பாதி!

இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த கணக்குதானே?

கிடையாது. 1150-இல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியில் ஒரு கணக்கு: நான்கு கைகளில் சங்கு, சக்கரம், கதை, தாமரை ஏந்திய திருமாலுக்கு அவற்றைக் கை மாற்றிக் கொடுத்தால் எத்தனை உருவங்கள்? 4 × 3 × 2 × 1 = 24. கேசவன், நாராயணன் என்று தொடங்கும் 24 திருநாமங்களையும் சிற்ப நூல்கள் இந்த மாற்றத்தை வைத்துத்தான் வேறுபடுத்துகின்றன. திருப்புல்லாணிக்கோ வேறு எந்தப் பெருமாள் கோயிலுக்கோ போனால் எந்தக் கையில் எது என்று ஒரு பார்வை பாருங்கள். அதே கணக்கில் பத்துக் கைச் சிவனுக்குப் பத்துப் பொருட்கள், விடை 36,28,800.

அவ்வளவு தூரம் போவானேன், நாம் எழுதும் எழுத்திலேயே இருக்கிறது. உயிர் 12, மெய் 18. எந்த மெய்யை எடுத்தாலும் பன்னிரண்டு உயிரும் அதனோடு சேரும், ஆக 18 × 12 = 216 உயிர்மெய். அப்புறம் 12 + 18 + 216, ஆய்தம் ஒன்று, மொத்தம் 247. ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கும் அட்டையே கூட்டல் கொள்கையும் பெருக்கல் கொள்கையும் சேர்ந்ததுதான். ஙௌ என்ற எழுத்தை எந்தச் சொல்லில் பார்த்தீர்கள் என்று கேட்பீர்கள். பார்த்திருக்க மாட்டோம். பெருக்கல் கொள்கை சொல்வது உண்டாகக்கூடியவற்றின் எண்ணிக்கை. அத்தனையும் புழக்கத்தில் இருக்கும் என்று அது சொல்லவில்லை.

கர்நாடக சங்கீதத்தில் 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளகர்த்தாக்கள் (தாய் ராகங்கள்) இன்னும் அழகு. ச, ப மாறாதவை. மத்யமம் 2 வகை. ச-வுக்கும் ம-வுக்கும் நடுவே நான்கு சுர இடங்கள், அவற்றில் இரண்டை எடுக்க வேண்டும். கீழே உள்ளது ரி, மேலே உள்ளது க. 4 × 3 = 12, ஆனால் எது கீழே எது மேலே என்பதில் தேர்வு இல்லாததால் இரண்டால் வகுத்து 6. அதேபோல ப-வுக்கு மேலே த, நி-க்கு 6. ஆக 2 × 6 × 6 = 72. ரி மூன்று வகை, க மூன்று வகை என்று கேள்விப்பட்டு 3 × 3 = 9 போட்டவர்கள் 162-இல் போய் நிற்பார்கள்.

எல்லாக் கேள்விக்கும் குருட்டாம்போக்கில் விடை போட்டால் சரியாக வர வாய்ப்பு உண்டா?

நான்கு விடை கொண்ட பத்துக் கேள்விகளுக்கு 4-ஐப் பத்துத் தடவை பெருக்க வேண்டும்: 10,48,576 விதமாக நிரப்பலாம். முழுக்கச் சரியானது அதில் ஒன்று. படித்துவிடுவது சுலபம்.

மரவரைபடம் போட வேண்டுமா, கட்டம் போட்டால் போதுமா?

எண்கள் சிறியதாக இருந்து, கிளைகளின் எண்ணிக்கை மாறும் என்ற சந்தேகமும் இருந்தால் மரவரைபடம், அதாவது ஒவ்வொரு வழியையும் ஒரு கிளையாகப் பிரித்து வரையும் படம். சுறா எங்கே தனியாகப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். மற்றபடி ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்குள் வழிகளின் எண்ணிக்கையை எழுதி, கீழே ஏன் அந்த எண் என்று ஒரு சொல் எழுதுங்கள். வெறும் 4 × 8 × 8 என்று எழுதினால், விடை தப்பாகும்போது திருத்துபவருக்கு உங்கள் பாதை தெரியாது.

பயிற்சிக்கு ஏதாவது கொடுங்கள்.

ஒன்று. 623 என்று தொடங்கி, கடைசி மூன்று இலக்கங்களும் ஒன்றுக்கொன்று வேறாக உள்ள பின்கோடுகள் எத்தனை இருக்கலாம்?

இரண்டு. ராமேஸ்வரத்தில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்துக் கடலுக்குப் போகிறார்கள். அண்ணன் விசைப்படகு, தம்பி நாட்டுப்படகு. இந்த வாரம் ஆளுக்கு ஒரு நாள் மட்டும் போக வேண்டும். நாட்களை எத்தனை விதமாகத் தேர்வு செய்யலாம்?

மூன்று. மேலே சொன்ன ஆறு பேர் படகில் ஒருவர் ஸ்டியரிங் பிடிக்க, மீதிப் பேரில் இரண்டு பேர் ஐஸ் உடைக்க வேண்டும். எத்தனை வழி?

நான்கு. 'தொண்டி' என்ற சொல்லின் தொ, ண், டி மூன்றையும் மெய் முதலில் வராமல் எத்தனை விதமாக எழுதலாம்?

விடைகள்: முதலாவது 10 × 9 × 8 = 720. இரண்டாவது 3 × 4 = 12. மூன்றாவது 6 × 10 = 60, ஐந்து பேரில் இரண்டு பேர் என்பது 5 × 4-ஐ இரண்டால் வகுத்த 10. நான்காவது 2 × 2 × 1 = 4. ஆனால் உங்கள் தமிழாசிரியர் பக்கத்தில் இருந்தால், ட வரிசையும் சொல்லுக்கு முதலில் வராது என்பார். அவர் கணக்குப்படி 1 × 2 × 1 = 2.